எட்டாவது ஆள்: கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் உங்கள் முதல் ஆண்டு

பன்னிரண்டாம் வகுப்பு வரை மேட்சுக்கு 35 நிமிடம் ஆடிய பிள்ளை, கல்லூரியில் சேர்ந்த பிறகு ஆடும் முதல் டோர்னமென்டில் 4 நிமிடம் ஆடுகிறது. சில நாள் அதுவும் கிடைப்பதில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைத்ததென்று தெருவே வாழ்த்தி அனுப்பியிருக்கும். ஆகஸ்ட் மாதம் போனில், "அண்ணா, சார் என்னை இறக்கவே மாட்டேங்கிறார். ஊருக்கே வந்துடட்டுமா?" என்று குரல் உடையும். நான் பயிற்சி கொடுத்து அனுப்பும் பிள்ளைகளிடமிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று அழைப்பாவது இப்படி வருகிறது. அவர்கள் பெட்டி கட்டும்போதே உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுருக்கமாக: முதல் ஆண்டில் ஃபர்ஸ்ட் ஃபைவ் (ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பேர்) என்று மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். எட்டாவது ஆளாக வருவதற்கு உழையுங்கள்.

முதலில் நிமிடக் கணக்கு

சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்படி ஓர் ஆட்டம் 10 நிமிடம் கொண்ட 4 பகுதிகள். களத்தில் 5 பேர். ஆக ஓர் அணிக்குப் பங்கு போட இருப்பது 200 நிமிடம். பட்டியலில் 12 பேர் வரை இருக்கலாம்.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். முதல் ஐந்து பேரும் ஆளுக்கு 28 நிமிடம் ஆடினால் 140 போய்விட்டது. ஆறாவது, ஏழாவது ஆட்கள் 17, 17 என்று ஆடினால் 174. எட்டாவது ஆளுக்கு 14 கொடுத்தால் 188. மீதி 12 நிமிடம். அதை நான்கு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் இழுபறியாகப் போனால் அந்த 12 நிமிடத்தையும் கோச் முதல் ஐந்து பேரிடமே கொடுத்துவிடுவார்.

ஒன்பதாவது ஆளுக்கும் எட்டாவது ஆளுக்கும் பட்டியலில் ஓர் இடம்தான் வித்தியாசம். ஆனால் கோச்சின் திட்டத்துக்குள் இருப்பவர் எட்டாவது ஆள். ஒன்பதாவது ஆள் மேட்ச் கைக்கு வந்த பிறகு இறங்குகிறவர். அந்த ஒரு படியை ஏற ஓர் ஆண்டு ஆகிறதென்றால் அது நல்ல ஆண்டு.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இதுதான் கணக்கு. அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி 2001-ல் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான யூரோலீக்கை வென்றவர். 2002 உலகப் போட்டியில் அமெரிக்காவையே தோற்கடித்த அணியில் இருந்தவர். அப்படிப்பட்டவர் அதே ஆண்டு அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் சீசனில் அவருக்கு பெரும்பாலும் பெஞ்ச்தான், சராசரி 7.6 புள்ளிகள். அந்த சீசனில் அணி கோப்பை வென்றது. பிறகும் தன் வாழ்நாள் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றில் அவர் பெஞ்சிலிருந்துதான் இறங்கினார். அப்படியே நான்கு முறை சாம்பியன் ஆனார்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

ட்ரையல்ஸில் தேர்வாகிவிட்டால் சந்தோஷத்தில் யாரும் எதையும் கேட்பதில்லை. கேளுங்கள். கட்டண விலக்கு முழுவதுமா, பாதியா? ஹாஸ்டலும் மெஸ்ஸும் அதில் சேருமா? அடிபட்டு ஆறு மாதம் ஆட முடியாமல் போனால் அந்தச் சலுகை தொடருமா? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்பாவோ அம்மாவோ கூட வந்திருந்தால் அவர்களையே கேட்கச் சொல்லலாம். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

அடுத்தது, உங்கள் இடத்தில் இப்போது யார் ஆடுகிறார், அவர் எத்தனையாவது ஆண்டு? மூன்றாம் ஆண்டு பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) இருக்கும் அணியில் முதலாண்டு பாயின்ட் கார்டாகச் சேர்ந்தால், அவர் முடித்துப் போகும்வரை நீங்கள் அவருக்குப் பின்னால்தான். தெரிந்தே சேர்ந்தால் அது வருத்தமாக இருக்காது, அவரிடமிருந்து கற்றுக்கொள்ளும் ஆண்டாக மாறும்.

வருகைப்பதிவையும் விசாரியுங்கள். டோர்னமென்டுக்குப் போகும் நாட்களை வருகையாகக் கணக்கிடும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தில் யார் கையெழுத்திட வேண்டும், எத்தனை நாளுக்குள் துறையில் கொடுக்க வேண்டும் என்பதை முதல் வாரமே தெரிந்துகொள்ளுங்கள். அரியர் வைத்துக்கொண்டு ஆடுவது மனதளவில் மிகவும் கடினம்.

வலியை மறைக்காதீர்கள்

என் முதல் ஆண்டின் முதல் வாரத்தில் ஒரு ரீபவுண்டுக்கு (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிக்க) எம்பி, இறங்கும்போது இன்னொருவர் காலின் மேல் மிதித்து வலது கணுக்கால் மடங்கியது. இரவே வீங்கிவிட்டது. சொன்னால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, துணியை இறுக்கிக் கட்டி, மேலே இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு மறுநாள் ஓடினேன். ஐந்து நாள் அப்படியே ஓடினேன். ஆறாவது நாள் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. இரண்டு வாரத்தில் சரியாகியிருக்க வேண்டியது இரண்டரை மாதம் இழுத்தது. அந்த சீசனின் பெரிய டோர்னமென்டுக்கு நான் ஊரிலேயே இருந்தேன். அப்போது எனக்கு 18 வயது. சொல்லலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் சொல்லியிருப்பேன். அதனால் சொல்கிறேன்: வலித்தால் அன்றைக்கே சொல்லுங்கள்.

பள்ளியில் வாரத்துக்கு நான்கு நாள் ஒன்றரை மணி நேரம் ஆடிய உடம்பு, கல்லூரியில் காலை ஓட்டம், மாலை பயிற்சி, இடையில் ஜிம் என்று திடீரென மாறும்போது முதலில் கேள்வி கேட்பது முழங்காலும் முன்னங்கால் எலும்பும்தான். நம் ஊர் கோர்ட்டுகளில் பெரும்பாலானவை சிமென்ட் என்பதால் தாக்கம் இன்னும் அதிகம். சேரும் முன்பே, மே மாதத்திலிருந்து வாரத்துக்குக் கொஞ்சமாக ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஷூ அடி தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மெஸ் சாப்பாடு போதாதென்று தோன்றினால் இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி சுண்டல், வாழைப்பழம் என்று நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தூக்கத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

உங்கள் இடமே மாறலாம்

பள்ளியில் 6 அடி 1 அங்குலம் இருந்தால் நீங்கள்தான் போஸ்ட். ரிங்குக்குக் கீழே முதுகைக் காட்டி நின்று, பந்து வந்ததும் திரும்பிப் போடுவதுதான் உங்கள் ஆட்டம். கல்லூரியில் 6 அடி 5 அங்குலத்தில் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் கையைத் தூக்கினாலே உங்கள் ஷாட் போய்விடும். கோச் உங்களை வெளியே, மூன்று புள்ளி ஷாட்டுக்கான 6.75 மீட்டர் கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்.

இதை இறக்கமாக நினைக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் இது உங்கள் உயரத்துக்கு ஏற்ற இடத்தைக் கோச் தேடித் தருவது. ஆனால் முதல் நான்கு மாதம் மோசமாகத்தான் இருக்கும். இதுவரை முதுகைக் காட்டி ஆடியவர் இப்போது ரிங்கைப் பார்த்து ஆட வேண்டும். இடது கையில் டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவது) வராது. உங்களைவிடக் குள்ளமான, வேகமான கார்டுகளைப் பக்கவாட்டில் நகர்ந்து பிடிக்க வேண்டியிருக்கும்; கால் பின்னிக்கொள்ளும். பயிற்சி தொடங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே வந்து இடது கை டிரிபிள், கார்னரிலிருந்து 50 ஷாட் என்று தினமும் செய்தவர்கள் டிசம்பரில் வேறு ஆளாகத் தெரிவார்கள்.

வாய் திறந்து பேசுங்கள்

முதலாண்டுப் பிள்ளை களத்தில் இறங்க முடியாமல் போவதற்கு நான் பார்த்த மிகப் பெரிய காரணம் ஷாட்டோ உயரமோ கிடையாது. டிஃபன்ஸில் பேசாததுதான்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். எதிரணிக் கார்டு பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறார். உங்கள் சீனியர் அவரைக் குனிந்து பிடித்துக்கொண்டு, பந்தையே பார்த்தபடி நகர்கிறார். நீங்கள் பிடிக்க வேண்டிய ஆள், 90 கிலோ எடை, மெதுவாக மேலே வந்து உங்கள் சீனியரின் இடப்பக்கம் ஸ்க்ரீன் போட, அதாவது சீனியர் நகரும் வழியை உடம்பால் மறிக்க, நிற்கிறார். சீனியருக்கு அது தெரியாது. அவருக்கு முதுகில் கண் இல்லை. அந்த நொடியில் அதைப் பார்ப்பது நீங்கள் ஒருவர்தான். "ஸ்க்ரீன் லெஃப்ட்!" என்று நீங்கள் கத்தினால் அவர் ஒரு காலை முன்னே நுழைத்து வழுக்கிப் போய்விடுவார். நீங்கள் சும்மா இருந்தால் அவர் தோள்பட்டை நேராக அந்த 90 கிலோவில் மோதும். பந்து வைத்திருந்தவர் தடுக்க ஆளில்லாமல் ரிங்குக்குப் பக்கத்தில் போய் லேஅப் போடுவார். அந்த இரண்டு புள்ளிகள் ஸ்கோர்ஷீட்டில் உங்கள் பெயரில் வராது. ஆனால் கோச் அதை உங்கள் கணக்கில்தான் எழுதுவார். மோதிய சீனியரும்தான்.

ஏன் பேசுவதில்லை? பள்ளியில் பி.டி. சார் லைனுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் அவரே கத்திவிடுவார். பிள்ளைகளுக்குப் பேசிப் பழக்கமில்லை. இன்னொன்று, சீனியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா என்ற தயக்கம். களத்துக்கு வெளியே அவர் அண்ணாதான், அக்காதான். களத்துக்குள் "கார்த்திக் அண்ணா, உங்களுக்கு இடப்பக்கம் ஸ்க்ரீன் வருது" என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து ரிங்கில் விழுந்துவிடும். பெயர் மட்டும் போதும், எந்த நல்ல சீனியரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மூன்று வார்த்தைகளில் தொடங்குங்கள். பந்து வைத்திருப்பவரைப் பிடித்தால் "பால்". பந்து எதிர்ப்பக்கம் இருந்து நீங்கள் உதவிக்கு நின்றால் "ஹெல்ப்". யார் ஷாட் போட்டாலும் "ஷாட்", உடனே உங்கள் ஆளை முதுகால் தடுத்து பாக்ஸ்அவுட். ஒரு வாரம் இந்த மூன்றையும் சத்தமாகச் சொல்லுங்கள். நான்காவதாக ஸ்க்ரீன். ஷாட் விழாத நாளிலும் இவற்றைச் செய்ய முடியும். அதனால்தான் கோச்சுகள் இதை வைத்து ஆளை எடை போடுகிறார்கள்.

ப்ளே நோட்டும் 24 நொடியும்

இரண்டு ரூபாய் பேனா, ஒரு நோட்டு. ஒவ்வொரு ப்ளேயையும் வரைந்து வையுங்கள், உங்கள் இடத்தை மட்டும் வரையாமல் ஐந்து பேரின் இடத்தையும் வரையுங்கள். யாருக்காவது ஃபவுல் அதிகமாகிக் கோச் திரும்பிப் பார்க்கும்போது, "நான்காவது இடத்தில் (பவர் ஃபார்வர்டாக) ஆடத் தெரியுமா?" என்ற கேள்விக்குத் தெரியும் என்று சொல்லும் பையன்தான் எழுந்து போவான்.

பள்ளி மேட்சுகள் பலவற்றில் ஷாட் கிளாக் இருக்காது. இங்கே 24 நொடி ஓடும், அதற்குள் ஷாட் போட்டாக வேண்டும். பந்தை 8 நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். உங்கள் அணியே ஷாட் போட்டு, பந்து ரிங்கில் பட்டு, ரீபவுண்டும் நீங்களே எடுத்தால் கிளாக் 14-க்குத்தான் திரும்பும். பயிற்சியில் கிளாக் இல்லையென்றால் மனதுக்குள் எண்ணிப் பழகுங்கள்.

பாஸ்கள் முதலில் உங்கள் கையில் ஒட்டாது. ஒருவர் மார்புக்கு நேராகத் தருவார், ஒருவர் தரையில் தட்டித் தருவார், ஒருவர் நீங்கள் திரும்பும் முன்பே தந்துவிடுவார். பழகக் காலம் எடுக்கும். 2010-ல் லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் என்.பி.ஏ.வின் மயாமி அணியில் டுவேன் வேடுடன் சேர்ந்தபோது, உலகமே எதிர்பார்த்த அந்த அணி முதல் 17 ஆட்டங்களில் 9 வென்று 8 தோற்றது. அந்த ஆண்டு இறுதிப்போட்டியிலும் தோற்று, 2012-ல்தான் கோப்பையைத் தொட்டார்கள்.

சீனியர்கள்

பந்துப் பையைத் தூக்குவது, தண்ணீர் கேன் நிரப்புவது எல்லாம் பெரும்பாலும் புதியவர்கள் வேலை. முகம் சுளிக்காமல் செய்யுங்கள். ஆனால் அறைக்குக் கூப்பிட்டு அவமானப்படுத்துவது, அடிப்பது, இரவில் துணி துவைக்கச் சொல்வது ராகிங். தமிழ்நாட்டில் 1997 முதல் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. யு.ஜி.சி.யின் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. அணியில் இடம் போய்விடும் என்று பயந்து பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

கோச்சிடம் எப்போது, எப்படிக் கேட்பது

மேட்ச் முடிந்த அன்று கேட்காதீர்கள். தோற்றிருந்தால் அவர் மனம் வேறு எங்கோ இருக்கும்; ஜெயித்திருந்தால் உங்கள் முகம் மட்டும் தொங்கியிருப்பது அவர் கண்ணில் படும். மறுநாள் பயிற்சிக்குப் பத்து நிமிடம் முன்னால், தனியாக.

"சார், ஏன் என்னை இறக்கலை?" என்று கேட்டால் அவர் காரணம் சொல்லித் தன்னை நியாயப்படுத்த வேண்டியிருக்கும். "சார், இன்னும் பத்து நிமிஷம் என்னை நம்பி இறக்கணும்னா நான் முதல்ல எதை மாத்திக்கணும்?" என்று கேளுங்கள். ஒரே ஒரு விஷயம் கேளுங்கள். அவர் "டிஃபன்ஸில் கால் மெதுவா இருக்கு" என்றால், நோட்டில் எழுதி, மூன்று வாரம் அதை மட்டும் செய்துவிட்டுத் திரும்பப் போய், "சார், இப்ப பரவாயில்லையா?" என்று கேளுங்கள். இரண்டாம் முறை வந்து கேட்கும் பிள்ளைகள் மிகக் குறைவு. அதனாலேயே கோச்சுகள் அவர்களை மறப்பதில்லை.

சில கோச்சுகள் பதிலே சொல்ல மாட்டார்கள், "ஆடு, பார்க்கலாம்" என்பார்கள். அப்போது துணைக் கோச்சிடமோ கேப்டனிடமோ அதே கேள்வியைக் கேளுங்கள்.

பெஞ்சிலும், இறங்கிய முதல் இரண்டு நிமிடத்திலும்

உங்கள் வாய்ப்பு பெரும்பாலும் இன்னொருவரின் ஃபவுலில் வரும். ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டக்காரர் வெளியே. இரண்டாம் பகுதியிலேயே ஒரு சீனியருக்கு மூன்றாவது ஃபவுல் விழுந்தால் கோச் அவரை உட்கார வைப்பார். அதனால் பெஞ்சில் இருக்கும்போது ஸ்கோரைவிட ஃபவுலை எண்ணுங்கள். நீங்கள் யாருக்கு மாற்றோ, அவர் பிடிக்கும் ஆளையே பாருங்கள். வலப்பக்கம்தான் போகிறாரா? ஷாட்டுக்கு முன் பந்தை ஒருமுறை தட்டுகிறாரா? பகுதிகளுக்கு இடையே எழுந்து நின்று கணுக்காலையும் தொடையையும் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்த காலோடு ஓடினால் முதல் ஓட்டத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

பெயர் சொன்னதும், வெளியே வருபவரிடம் "யாரைப் பிடிக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். அணியின் ஃபவுல் எண்ணிக்கையைப் பாருங்கள். அந்தப் பகுதியில் நான்கு ஆகியிருந்தால் அடுத்த ஃபவுலுக்கு எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஆர்வத்தில் கையை நீட்டாதீர்கள்.

அப்புறம், முதல் இரண்டு நிமிடம் பாயின்ட் எடுக்க அலைய வேண்டாம். உங்கள் ஆளைப் பிடியுங்கள், பின்னால் ஓடி வாருங்கள், பாக்ஸ்அவுட் செய்யுங்கள், கைக்கு வந்த பந்தை எளிதாக அடுத்தவருக்குக் கொடுங்கள். ஆனால் காலியாக நின்று பந்து வந்தால் தயங்காமல் ஷாட் போடுங்கள். நல்ல கோச் தவறிய ஷாட்டை மன்னிப்பார். காலியாக நின்றும் போடாமல் பந்தைத் திருப்பித் தருவதைத்தான் அவரால் ஏற்க முடியாது.

வீட்டில் தினமும் "இன்னிக்கு எத்தனை பாயின்ட்?" என்று கேட்பார்கள். அவர்களுக்கும் இந்த 200 நிமிடக் கணக்கை ஒருமுறை விளக்கிவிடுங்கள். மாமா குடும்பத்தோடு மேட்ச் பார்க்க வந்த அன்று நீங்கள் இறங்காமல் போகலாம். முன்பே சொல்லிவைத்தால் இருவருக்கும் மனம் கனக்காது.

ஆண்டு முடிந்ததும்

சீசன் முடிந்து ஒரு வாரம் கழித்துக் கோச்சிடம் போய், "அடுத்த வருஷம் என்னை எந்த இடத்தில் நினைச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். ஓர் இடம் சொன்னால் இருங்கள். உங்கள் இடத்துக்கே இன்னும் இரண்டு பேரை எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், அல்லது ஆண்டு முழுக்க யாரும் உங்களுக்கு எதையும் கற்றுத்தரவில்லை என்றால், வேறு இடம் யோசிப்பதில் தவறில்லை. ஆகஸ்டில் எடுக்கும் முடிவு கோபத்தில் எடுப்பது. மார்ச்சில் எடுப்பதை நம்பலாம்.

கோடையில் ஊர் கிளப்புக்கு ஆடுங்கள். மே மாதம் பெரியகுளத்தில் அகில இந்திய டோர்னமென்ட் நடக்கும்; கோவையிலும் பெரிய போட்டிகள் உண்டு. ஆட முடியாவிட்டாலும் கேலரியில் உட்கார்ந்து, உங்கள் இடத்தில் ஆடும் ஒருவரை மட்டும் 40 நிமிடமும் பாருங்கள். ஊர் கிளப்பில் உங்களுக்கு மறுபடி 30 நிமிடம் கிடைக்கும். பழைய பழக்கத்தில் ரிங்குக்குக் கீழே போய் நின்றுவிடத் தோன்றும். நிற்காதீர்கள். கல்லூரியில் கொடுத்த இடத்திலேயே, கார்னரிலேயே நின்று ஆடுங்கள். ஸ்க்ரீன் வந்தால் கத்துங்கள்.